பாலை என்னும் படிவம்: திண்டுக்கல் மேய்ச்சல் நிலத்து மண்ணின் வரலாறு

1. முன்னுரை

பாலை என்பது நிலமா, நிலத்தின் நிலைமையா என்னும் வினா தமிழிலக்கணம் பயில்வார்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கற்கும் நிலமும் தெய்வமும் கூறினார். பாலைக்குத் தனி நிலம் கூறினாரல்லர்; வேனிலும் நண்பகலும் அதன் பொழுது என்றும், பின்பனியும் அதற்கு உரித்து என்றும் கூறியமைந்தார். இளங்கோவடிகள் இக்கருத்தை மேலும் விளக்கமுறச் செய்தார். கோடையின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றி வேறுபட்டவிடத்து மேற்கொள்ளும் வடிவமே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் பொருள். அவ்விடத்து அடிகள் ஆளும் சொல் ‘படிவம்’ என்பது.

படிவம் என்பது மேற்கொண்ட கோலம். மேற்கொள்ளப்பட்ட கோலம் களையவும்படும். ஆதலின் மழை பெய்தவழிப் பாலை மீண்டும் முல்லையாதல் வேண்டும். அங்ஙனமாயின், களையப்படாது உடம்போடு ஒட்டிநின்றுவிட்ட பாலைக் கோலமும் உண்டோ? உண்டெனின் அதனை அவ்வாறு ஒட்டவைத்தது கதிரவன் வெம்மையோ, மக்கள் செயலோ? இவ்வினாக்களுக்கு விடைகாண நூற்சான்று மட்டும் போதாது. மண்ணையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குத் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொள்கின்றோம். அடிகள் பாலைக்கு விளக்கம் தரும் காடுகாண் காதையிலேயே இந்நிலப்பகுதியின் எல்லையாகிய சிறுமலை பெயர் சுட்டி உரைக்கப்படுவது முதற்காரணம். இவ்வெளியின் செம்மண் நெடுங்காலமாக ஆடுமாடுகளின் மேய்ச்சற்களமாக இருந்து, பின்னர் வரிக்கணக்கில் ‘தரிசு’ எனப் பெயர் பெற்றது மற்றொரு காரணம். ஒரு நிலத்தின் மண்ணியல்பும் அதற்கு மக்கள் இட்ட பெயரும் ஒன்றையொன்று எவ்வாறு பாதித்தன என்பதை ஈண்டுக் காட்ட முயல்வோம்.

2. நிலக்கிடக்கை

திண்டுக்கல் மாவட்டம் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் மதுரை மாவட்டத்தினின்றும் பிரித்தமைக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 6,267 சதுர கிலோமீட்டர். தென்மேற்கே பழனிமலைத் தொடர் 2,000 மீட்டருக்கு மேலும் உயர்ந்து நிற்கின்றது. தென்கிழக்கே சிறுமலை 1,000 மீட்டருக்கு மேல் உயரமுடையது. வடகிழக்கே அய்யலூர்க் குன்றுகளும் கடவூர்க் குன்றுகளும் உள்ளன. இவற்றினிடையே கிடக்கும் மேட்டுச் சமவெளியே நம் ஆராய்ச்சிக்குரிய பகுதி. குடகனாறு இவ்வெளியில் வடக்கு நோக்கி ஓடித் தாடிக்கொம்பு, வேடசந்தூர்ப் பகுதிகளைக் கடந்து அமராவதியிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் மணற்படுகையே காணப்படும்.

தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் நீரை மேற்கு மலைகளில் சொரிந்துவிட்டு, இவ்வெளியின்மேல் வறண்ட காற்றாய் வீசுகின்றது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவத்தால் வருவது. மழை சில நாள்களில் பெருகிப் பெய்து, எஞ்சிய திங்கள்களில் பொய்த்துவிடுதலே இங்கு இயல்பு. ஆண்டளவிற் பெய்யும் மழையினும் வெயிலும் காற்றும் கவரவல்ல நீரின் அளவு மிகுதி. இதனால் நிலநூலார் இதனை ‘அரைவறட்சி மேட்டுநிலம்’ என வகைப்படுத்துவர்.

நகருக்குப் பெயர் தந்த பாறையும் மண்ணும் வேறுவேறல்ல. தலையணை போன்று கிடக்கும் அப்பெருங்கல்லை ஒத்த பழம்பாறைகளே வெளியெங்கும் மண்ணுக்கடியில் பரந்துள்ளன. நைசு என்பதும் சார்னோக்கைட்டு என்பதும் அவற்றின் முதன்மையான வகைகள். இப்பாறைகள் வெயிலாலும் மழையாலும் பல்லாயிரம் ஆண்டுகள் சிதைந்து மக்கியதன் விளைவே இங்குள்ள செம்மண். கோட்டையைத் தாங்கிய கல் ஓரிடத்து வெற்றுப் பாறையாய் எஞ்ச, அதன் இனக்கல் பிறிதோரிடத்து மண்ணாய்க் கரைந்து புல்லைத் தாங்கிற்று என்க.

3. செவல் மண்ணின் இயல்புகள்

உழவர் இம்மண்ணைச் ‘செவல்’ என்பர். பாறையிலுள்ள இரும்பு காற்றோடும் நீரோடும் கலந்து துருவேறுதலின் செந்நிறம் உண்டாகின்றது. மேற்படலம் பெரும்பாலும் மணல் மிகுந்தது. பல இடங்களில் அதன் தடிப்பு ஒரு சாணளவே. அதன்கீழ்க் களி கலந்த செம்படலம் ஒன்று உண்டு. அதற்கும் கீழே சரளைக்கற்கள் செறிந்த படலமும், மக்கிய பாறையும், சிலவிடங்களில் வெண்ணிறச் சுக்கானும் காணப்படும். மண்ணியலார் வகுத்துள்ள முறையில் இவை பெரும்பாலும் ‘ஆல்ஃபிசால்’ என்னும் பெருவகையுள் அடங்கும்.

இம்மண்ணின் தன்மையைக் கரிசலோடு ஒப்பிட்டு நோக்கின் உண்மை எளிதிற் புலனாகும். கரிசலின் களி நீருண்டு பருக்கும். வெயிலில் சுருங்கி ஆழப்பிளக்கும். பிளவுகளில் மேல்மண் விழுந்து கீழ்மண்ணோடு கலத்தலின் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கின்றது எனலாம். செவலின் களி கயோலின் இனத்தது. பருத்தலும் சுருங்குதலும் மிகக் குறைவு. ஆகவே அது தன்னைத் திறந்துகொள்ளமாட்டாது. மறைப்பின்றிக் கிடக்கும் செவலின்மேல் பெருந்துளி விழும்போது மண்கட்டிகள் சிதைந்து, நுண்டுகள் கண்ணறைகளை அடைத்துக்கொள்கின்றன. பின் வெயிலில் அது ஓடுபோல் இறுகுகின்றது. அடுத்த மழையின் நீர் உட்புகாது மேலே வழிந்து, எஞ்சிய மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்கும் குளத்துக்கும் செல்கின்றது.

செவலைத் திறந்து வைப்பன புல்லின் வேரும், கறையானும், சாணமுருட்டி வண்டும், அளவறிந்து நடக்கும் கால்நடையின் குளம்புமே. கொழுக்கட்டைப்புல் போன்ற பல்லாண்டுப் புற்கள் தூர்கட்டி நின்று, மழைத்துளியின் வேகத்தைத் தணித்து, வேர்வழியே நீரைக் கீழிறக்குகின்றன. அவற்றின் மடிந்த வேர்களே மண்ணுக்கு உரமாகின்றன. இந்தியாவில் மண்ணாய்வுக் கூடங்கள் நூற்றுக்கு 0.5 பங்கிற்குக் குறைந்த உயிர்மக் கரியைத் ‘தாழ்ந்த அளவு’ எனக் குறிக்கின்றன. இப்பகுதிச் செம்மண் பெரும்பாலும் அவ்வளவிற்குட்பட்டதே. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதற்கேற்பக் குறைவு.

இதனின்றும் ஓர் உண்மை பெறப்படும். கரிசலுக்குப் பயிர் மேலாடை போன்றது. செவலுக்குப் புல் தோல் போன்றது. தோல் உரிந்தவழி உடம்பு நலங்கெடுதல் போலப் புல் நீங்கியவழிச் செவல் கெடுகின்றது. புல் முழுமையாக நீங்காது மெலிந்திருக்கும் வரையில் ஒரு நல்ல மழையால் அது தளிர்க்கும். மேற்சாண் மண் அரித்துச் சென்று சரளை வெளிப்பட்டபின் எத்துணை மழை பெய்யினும் பழைய நிலை மீள்வதில்லை. ஓர் அங்குல மண் உருவாதற்கே பல நூற்றாண்டுகள் வேண்டும் என்பர் மண்ணியலார். களையத்தக்க கோலம், களையலாகாத உடம்பு என நாம் முன்னர்ச் செய்த வேறுபாட்டின் எல்லை இந்த ஒரு சாண் மண்ணிலேயே உள்ளது.

4. காடுகாண் காதை தரும் சான்று

இனி நூற்சான்றை நோக்குவோமாக. மதுரை செல்லும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைக் கூறுகின்றான். கொடும்பை என்னும் இடத்தில் நெறி மூன்றாகக் கவர்க்கின்றது. கொடும்பையைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் எனக் கொள்வர். அதன் வலப்பக்க நெறியில் முதலில் வருவது வறண்ட காடு. மராவும் ஓமையும் உழிஞ்சிலும் தலை காய்ந்து நிற்கின்றன, மூங்கில் உலர்ந்துள்ளது, மரல் வாடிக் கிடக்கின்றது, மான்கள் நீரை விரும்பிக் கதறுகின்றன. அதன்பின் எயினர் வாழும் காடு. அதனையும் கடந்தபின் சிறுமலை தோன்றுகின்றது. ஆங்கு ஐவன நெல்லும் கரும்பும் தினையும் வரகும் மஞ்சளும் வாழையும் பலாவும் செழித்துள்ளன. அம்மலையை வலமாகக்கொண்டு மதுரைக்குச் செல்க என்கின்றான் மறையோன்.

வடகிழக்கினின்று வருவோன் சிறுமலையை வலப்பக்கத்துக் கொண்டு மதுரை செல்லவேண்டின், மலைக்குக் கிழக்கே இன்றைய நத்தம் பகுதி வழியே செல்லுதலே பொருந்தும். ஆகவே மறையோன் கூறும் வறண்ட காடு திண்டுக்கல் வெளியின் கிழக்கு விளிம்பையும் அதனை அடுத்த மணப்பாறைப் பகுதியையும் குறிக்கும் எனக் கருதுகின்றோம். வழியை அளந்து உறுதிசெய்ய இயலாதாயினும், வறண்ட வெளியும் வளமலையும் அடுத்தடுத்து அமைந்த இக்கிடக்கை இன்றும் கண்கூடாகக் காணத்தக்கது.

இப்பகுதியில் இரண்டு செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. முதலாவது, மறையோன் கூறும் மரஞ்செடிகள். ஓமை, உழிஞ்சில் என்பவற்றை இன்றைய எம்மரங்களோடு பொருத்துவது என்பதில் அறிஞர் வேறுபடுவர். எனினும் மரல் என்பது இன்று மருள் எனப்படும் நார்ச்செடி என்பதைப் பெரும்பாலோர் உடன்படுவர். மருள், ஆழமற்ற கன்மண்ணில் வேர்கொள்வது. ஆகவே அடிகள் காலத்திலேயே இப்பகுதியில் மெலிந்த மண்ணுடைய இடங்கள் இருந்தன என்பது தெளிவு. இந்நிலத்தின் வறுமை முழுவதும் பிற்காலத்தது என்பார் கூற்று ஏற்புடைத்தன்று.

இரண்டாவது, அம்மரங்களின் நிலை. மரங்கள் வாடியுள்ளன, இல்லாமற் போகவில்லை. மான் தவிக்கின்றது, ஆனால் அங்கு மான் உள்ளது. மானுக்கு நீரோடு புல்லும் வேண்டும். ஆகவே மறையோன் காட்டும் நிலம் வேனிலில் துயருற்ற காடேயன்றி, வெறுமையான நிலமன்று. அவன் மொழி நிகழ்ந்த காலம் கடுங்கோடை என்பதும் நினைக்கத்தக்கது. அதே நெறியில் கார்த்திகைத் திங்களில் ஒருவன் சென்றிருப்பின் அவன் முல்லையையே கண்டிருப்பான். தொல்காப்பியர் பாலைக்கு நிலம் கூறாது பொழுது மட்டும் கூறியதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

5. ஆநிரை மேய்ந்த நிலம்

சங்க நூல்கள் முல்லையையும் குறிஞ்சியையும் வன்புலம் என்றும், மருதத்தையும் நெய்தலையும் மென்புலம் என்றும் பிரித்துரைக்கும். முரம்பு, களர், கரம்பை என மண்ணின் நிலைகளைக் குறிக்கும் சொற்களும், பன்முறை உழுது பழகிய கொல்லையை முதைப்புனம் எனக் குறிக்கும் வழக்கும் அவற்றுள் உள்ளன. வன்புலம் என்னும் சொல்லில் இழிவு ஏதும் இல்லை. உழுவதற்கு வலியது என்னும் இயல்பே சுட்டப்படுகின்றது. அவ்வலிய நிலத்தின் செல்வம் ஆநிரை.

இச்செல்வத்தின் பழமைக்குத் தொல்லியற் சான்றுகள் அண்மையிற் கிடைத்துள்ளன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப்பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட வீரனுக்கு எடுக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்துத் தாதப்பட்டியிலும் அத்தகைய பழமையுடைய நடுகல் ஒன்று கிடைத்தது. ஆகோள் என்பது வெட்சித்திணையின் இலக்கணச் சொல்லாக மட்டும் நின்றுவிடாமல், வைகைக் கரையிலும் அதன் வடபாலும் வாழ்ந்தோர் கல்லிற் பொறித்த வாழ்க்கைச் சொல்லாகவும் இருந்தமை இதனாற் பெறப்படும். கவர்தற்குரிய நிரையும் அது மேய்தற்குரிய புல்வெளியும் இன்றி ஆகோள் நிகழ்தல் இயலாது.

மறுபுறம், பழனிமலை அடிவாரத்துப் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கா. இராசன் தலைமையில் நிகழ்ந்த அகழாய்வில், ஈமக்குழி ஒன்றினுள் நெல் நிறைந்த தாழி கிடைத்தது. அந்நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டுள்ளது. மலையடியில் நீர்வளமுள்ள இடங்களில் நெல்லும், அவற்றினின்று விலகிய செம்மண் வெளியில் நிரையும் என இருவகை வாழ்க்கையும் அருகருகே நிகழ்ந்தன என்று கொள்ளலாம். இவை ஒன்றையொன்று விலக்கியனவல்ல. அறுவடைக்குப்பின் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துதலும், கோடையில் குளத்து வண்டலை அள்ளிச் செவற்காட்டில் இடுதலும் இருநிலங்களையும் இணைத்தன. தென்மாவட்டங்களில் குளத்து வண்டலைக் கரம்பை என்றே மக்கள் வழங்குவர். மேட்டினின்று நீர் வாரிச்சென்ற மண்ணை மக்கள் வண்டியில் ஏற்றி மீண்டும் மேட்டுக்கே கொண்டுசென்றனர் என்பது இவ்வழக்கத்தின் உட்பொருள்.

ஊர்ப்பெயர்களும் இதனையே காட்டும். திண்டுக்கல்லைச் சுற்றிச் சின்னாளபட்டி, சாணார்பட்டி, செம்பட்டி எனப் பட்டி என முடியும் ஊர்கள் மிகப்பல. பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். பின்னர்ச் சிற்றூருக்குப் பொதுப்பெயராயிற்று. பட்டி எனப் பெயருடைய ஒவ்வோர் ஊரும் தொழுவாகவே தொடங்கிற்று எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் சிற்றூர்க்குரிய பொதுப்பெயராகத் தொழுவின் பெயரையே ஒரு நிலத்து மக்கள் தேர்ந்துகொண்டமை, அந்நிலத்தின் முதன்மையான தொழில் இன்னது என்பதைக் காட்டும். தமிழகக் கோயிற் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டதும், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என வழங்கியதும் அறிஞர் அறிந்தனவே. குறையாத முதலாக ஆட்டுமந்தையை எண்ணிய ஒரு சமுதாயம், அம்மந்தை மேயும் நிலத்தைப் பயனற்றதென எண்ணியிருத்தல் இயலாது.

6. வரிக்கணக்கும் மண்ணும்

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியை முட்டாக்களாகப் பகுத்து நிலையான வரிக்கு விற்கும் முறை முயன்று பார்க்கப்பட்டு, தோல்வியில் முடிந்தது. பின்னர் இரயத்துவாரி முறை நிலைபெற்றது.

இரயத்துவாரி நிலத்திட்டத்தில் மண் கரிசல், செவல் முதலிய இனங்களாகவும், களி, இருமண், மணல் என்னும் பகுப்புகளாகவும், அவற்றுள்ளும் தரங்களாகவும் பிரிக்கப்பட்டது. ‘தரம்’ என்பது உழுதால் எவ்வளவு விளையும், அதனின்று எவ்வளவு தீர்வை கொள்ளலாம் என்னும் கணக்கு. இக்கணக்கில் புல்லுக்கு இடமில்லை. ஆகவே உழப்படாத நிலமெல்லாம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்னும் மூன்று தலைப்புகளின்கீழ்ச் சென்றது. புறம்போக்கு என்பது தீர்வைக்குப் புறம்பே போயது என்னும் பொருளுடையது. ஊர்ப்பொதுவான மேய்ச்சல் நிலம் மேய்க்கால் புறம்போக்கு எனவும் மந்தை எனவும் குறிக்கப்பட்டது. வன்புலம் என்னும் பெயர் நிலத்தின் இயல்பைச் சொல்லிற்று. தரிசு என்னும் பெயர் அந்நிலத்தினின்று கருவூலத்துக்கு வாராத வருவாயைச் சொல்லிற்று. இவ்விரு பெயர்களின் இடைவெளியே பின்னர் நிகழ்ந்தவற்றிற்கு வித்தாயிற்று.

இம்முறையில் குடியானவன் ஒருவன் தர்க்காஸ்து எழுதிக்கொடுத்துத் தரிசைப் பெற்றுத் தீர்வை செலுத்தி உழலாம். வேண்டாதபோது விட்டும் விடலாம். நன்செய்க்கும் கரிசலுக்கும் இதனாற் பெருந்தீங்கு விளையாது. செவலின் நிலை வேறு. மழை நன்கு பெய்த சில ஆண்டுகளில் பல்லாண்டுப் புல்லின் தூர்கள் பெயர்க்கப்பட்டுக் கம்பும் வரகும் விதைக்கப்படும். மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைவிடப்படும். கைவிடப்பட்ட நிலத்தில் முன்னிருந்த புல் இல்லை. திறந்த செம்மண்ணே உண்டு. முன்னர்க் கூறிய ஓடுகட்டுதலும் அரித்தலும் அங்கே தொடங்கும். மீண்டும் முளைப்பன ஊசிப்புல் போன்ற ஓராண்டுப் புற்களும், கால்நடை விரும்பாத ஆவாரையும் எருக்கும் கள்ளியுமே. உழவும் கைவிடலும் மாறிமாறி நிகழ்ந்தமையே இவ்வெளியின் மேற்சாண் மண் மெலிந்ததற்கு முதன்மையான காரணம் என்று கொள்ளுதல் தகும்.

வேறு காரணங்களும் உடன் சேர்ந்தன. 1870-களில் தொடர்வண்டிப் பாதை திண்டுக்கல் வழியே மதுரைக்குச் சென்றது; அக்காலத்து வண்டிகள் விறகையும் எரித்தன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணமெங்கும் கால்நடைகள் பெருவாரியாக மடிந்தன. 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தின்கீழ் மலைக்காடுகள் ஒதுக்கப்பட்டபோது, கோடையில் மலையேறி மேய்ந்த மந்தைகளுக்கு வழி குறுகிற்று. ஆண்டு முழுவதும் வெளியிலேயே மேயவேண்டிய நெருக்கடி உண்டாயிற்று.

திண்டுக்கல் நகரின் தோல் தொழிலும் இம்மண்ணோடு தொடர்புடையது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இவ்வெளியின் மந்தைகளினின்று வந்தன. அவற்றைப் பதனிட உதவிய ஆவாரம்பட்டையும் மெலிந்த செம்மண்ணில் தானே வளரும் செடியினின்று வந்தது. கால்நடை ஆவாரையைத் தின்னாது. ஆகவே புல் குறையக்குறைய ஆவாரை பெருகும். நிலத்தின் நலிவைக் காட்டும் செடியே நகரின் தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. பிற்காலத்தில் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்புகள் பற்றின. ஆலைக்கழிவின் உப்பு மண்ணையும் கிணற்றையும் கெடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளைக் குறித்ததாகும். களர் என்பது முற்காலத்தில் நீர் தேங்கி உப்பேறிய நிலத்தின் பெயர்; இங்கே தொழிலால் உண்டாகிய புதுக்களர் ஒன்றைக் காண்கின்றோம்.

7. ஒரே மண், இருவேறு நிலை

மண் மெலிந்ததற்கு ஆடே காரணம் என்பார் உளர். வானமே காரணம் என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் ஆராய்தற்குச் சான்று அருகிலேயே உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியிலும், அதனையடுத்த கரூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலும் கொறங்காடு என்னும் மேய்ச்சற்காடுகள் உள்ளன. அவற்றின் மண்ணும் சரளை கலந்த செவலே, மழையும் குறைவே. ஆயினும் அவை தலைமுறை தலைமுறையாக ஆட்டையும் புகழ்பெற்ற காங்கய மாட்டினத்தையும் தாங்கி வந்துள்ளன.

கொறங்காட்டின் அமைப்பு எளியது. நிலத்தைச் சுற்றிக் கிளுவை முள்வேலி உயிர்வேலியாக நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அவரை இனத்துப் பூண்டுகளும் பரவியிருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். கோடையில் அவற்றின் காய்கள் ஆட்டுக்கு உணவாகும். கால்நடைகள் ஒரு காட்டினின்று மற்றொரு காட்டுக்கு மாற்றப்படும்; மேய்ந்த காடு ஓய்வுபெறும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மீண்டும் புல்லுக்கு விடுவர். இங்கும் உழவு உண்டு. ஆயினும் உழவுக்குப்பின் நிலம் கைவிடப்படுவதில்லை.

பாறையும் மண்ணும் மழையும் கால்நடையும் ஒத்திருந்தும், ஓரிடத்துப் புல் நிற்கின்றது. மற்றோரிடத்துச் சரளை தெரிகின்றது. ஆகவே வேறுபாட்டின் காரணம் ஆடும் வானமும் மட்டும் ஆகா. கொறங்காடு பட்டா நிலம். அதற்கு உடையவனும் வேலியும் ஓய்வும் உண்டு. மேய்க்கால் புறம்போக்கு ஊருக்குப் பொதுவாயினும், அதனைக் காக்கும் பொறுப்பு ஊரின் கையினின்று கணக்கின் கைக்குச் சென்றுவிட்டது. பொதுவாயிருந்தமையால் கெட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் பிழை. ஊர் ஒழுங்கோடு பொதுவாயிருந்த காலத்தில் அது நிரையைத் தாங்கிற்று. பொறுப்புடையார் எவரும் இல்லாத பொதுவாக ஆக்கப்பட்டபின்னரே கெட்டது.

8. இற்றைநாள் நிலை

தரிசு என்னும் நோக்கு நாட்டு விடுதலையோடு மறையவில்லை. 1985-ஆம் ஆண்டு நடுவணரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிடப்பட்டுவரும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதிகளில் புதர்நிலமும் நலிந்த மேய்ச்சல் நிலமும் தரிசு என்னும் தலைப்பினுள்ளேயே அடங்குகின்றன. தரிசு என்பது வெற்றிடம் என்னும் எண்ணம் நிலைத்தவிடத்து, அதன்மேல் ஆலையோ குடியிருப்போ அமைத்தல் இழப்பாகத் தோன்றாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயல்நாட்டினின்று கொணரப்பட்ட சீமைக்கருவேலமும் இத்தகைய ‘வெற்றிடங்களை’ மூடிற்று. அது வறண்ட மண்ணில் பசுமை தருவதாயினும் தன்கீழ்ப் புல்லை வளரவிடுவதில்லை.

மாற்றுநோக்கின் அறிகுறிகளும் இல்லாமலில்லை. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி அவற்றை ஊருக்கே மீட்டளிக்குமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டர்க் காட்டைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்க்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. மங்கோலியப் புல்வெளி முதல் ஆப்பிரிக்கச் சாகேல் வரை, புல்லை மேயவிட்டு வாழும் மக்களின் நிலம் வரிக்கணக்கில் வெற்றிடமாக எழுதப்பட்ட வரலாறு ஒன்றே என்பதை இவ்வறிவிப்பு நினைவூட்டுகின்றது. வியாழக்கிழமைதோறும் அய்யலூரில் கூடும் ஆட்டுச்சந்தையைக் காண்போர், வெற்றிடம் எனப்பட்ட நிலம் இன்றும் எத்துணைக் குடும்பங்களைத் தாங்குகின்றது என்பதை உணர்வர்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். திண்டுக்கல் வெளியின் செவல் இயல்பாகவே மெலிந்தது. அதன் நலம் புல்லைச் சார்ந்தது. அடிகள் கூறிய பாலை, வேனிலில் தோன்றி மழையில் மறையும் கோலம். அக்கோலம் பல இடங்களில் நிலைபெற்றமைக்கு வெம்மை மட்டும் காரணமன்று; உழுது கைவிடும் வழக்கமும், மேய்ச்சலைப் பயன் எனக் கொள்ளாத வரிக்கணக்கும் பெருங்காரணங்கள். ஒரு சாண் மேல்மண் உள்ள இடங்களில் பாலை இன்னும் படிவமே. அஃது இல்லாத இடங்களில் அது உடம்பாகிவிட்டது.

ஆகவே திணை ஆராய்ச்சி செய்வார் நூலோடு நிலத்தையும் நோக்குதல் வேண்டும் என்பதும், நிலத்தை ஆள்வார் அதன் பழம்பெயர்களையும் நோக்குதல் வேண்டும் என்பதும் நம் கருத்து. திண்டுக்கல் வெளியின் ஊர்க்கணக்குகளில் தரிசு எனக் காணும் ஒவ்வோர் எண்ணும் முன்னொருகால் எவ்வகைப் புல்வெளியாயிருந்தது என்பதை, ஊர்ப்பெயர், கல்வெட்டு, மண்படலம் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து ஆராயும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. மேற்சாண் மண் எஞ்சியுள்ள காலத்திலேயே அது செய்யத்தக்கது.